பிடித்தால் விடாத ஐஸ்!

வடக்கனந்தல் கடைத்தெருவில் ஒரு சிறிய கடை. சோடா, கலர், மோர், பால் பாக்கெட் எல்லாம் அங்கே கிடைக்கும். கடையின் மூலையில் ஒற்றைக் கதவு பிரிட்ஜ் ஒன்று நிற்கிறது. நான் போன நாளில் அதன் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே குளிர்ச்சி இல்லை. பழைய செய்தித்தாள்களும் கணக்கு நோட்டும் இருந்தன!

"என்னம்மா, பிரிட்ஜை அலமாரி ஆக்கிவிட்டீர்கள்?" என்று கேட்டேன்.

கடைக்கார அம்மாள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

"அதை ஏன் தம்பி கேக்குறே! மேல் அறையில ஐஸ் அப்பிக்கிச்சு. பால் பாக்கெட் ரெண்டு அதுல ஒட்டிக்கிச்சு. இழுத்தேன், வரலே. வாடிக்கைக்காரர் நிக்கிறாரேன்னு கத்தியை எடுத்துக் குத்துனேன். 'உஸ்'ஸுன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான், காத்து போயிடுச்சு."

கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த மெக்கானிக் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாராம். பிரீசர் அறையின் சுவரில் கடுகு அளவுக்கு ஓர் ஓட்டை! அதை மாற்றக் கேட்ட பணத்துக்குப் பாதி பிரிட்ஜ் வாங்கிவிடலாம் போலிருந்தது. கோடைக்கால வியாபாரம் அதோடு போயிற்று.

இந்த அம்மாள் மட்டுமா? எத்தனையோ வீடுகளில் இதே கதைதான். பால் பாக்கெட்டும், மீன் பொட்டலமும், இட்லி மாவுக் கிண்ணமும் பிரீசரில் ஒட்டிக்கொள்கின்றன. உடனே கை கத்தியைத் தேடுகிறது.

தண்ணீர் எதிலும் ஒட்டாமல் வழிந்து ஓடக்கூடியது. அது உறைந்து ஐஸ் ஆனதும் மட்டும் இப்படிப் பசை போட்டதுபோலப் பிடித்துக்கொள்வது ஏன்? கத்தி இல்லாமல் அதைப் பிரிப்பது எப்படி?

முதல் தோசை சொல்லும் பாடம்

புதுத் தோசைக் கல்லில் முதல் தோசை எப்படி வரும்? வராது. கல்லோடு கல்லாக ஒட்டிக்கொள்ளும். கல் கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரிந்தாலும், அதில் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. மாவு தண்ணீராக இருக்கும்போதே அந்தப் பள்ளங்களில் இறங்கிவிடுகிறது. பிறகு சூட்டில் கெட்டிப்படுகிறது. வேர் விட்டதுபோல் ஆகிவிடுகிறது.

ஐஸும் அப்படித்தான். ஒரு வித்தியாசம்: மாவு சூட்டில் இறுகுகிறது, தண்ணீர் குளிரில் இறுகுகிறது.

உலோகமோ கண்ணாடியோ, எந்தப் பொருளின் மேலும் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் இருக்கின்றன. தண்ணீர் அவற்றில் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. உறையும்போது அது சுருங்குவதில்லை. கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கிறது! சாதாரணமாகப் பொருள்கள் குளிர்ந்தால் சுருங்கும். தண்ணீர் ஒரு வீம்புக்காரப் பிள்ளை. பிரீசரில் வைத்த சோடா பாட்டில் வெடிப்பது இதனால்தான். பள்ளத்துக்குள் பெருத்த ஐஸ், சுவரில் அடித்த ஆப்பு மாதிரி இறுகிக்கொள்கிறது.

இது ஒரு பிடி. இன்னொரு பிடியும் உண்டு. தண்ணீரின் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் கொஞ்சம் நேர் மின்சாரம். மறு முனையில் கொஞ்சம் எதிர் மின்சாரம். உலோகத்தின் மேலுள்ள துருப்படலமும், கண்ணாடியும், ஈரத் தோலும் இந்த முனைகளைக் கவர்ந்து இழுக்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் சின்னஞ்சிறு இழுப்பு. ஆனால் நகத்தளவு இடத்தில் கோடிக்கணக்கான மூலக்கூறுகள் கைகோத்து நிற்கின்றனவே! அலுமினியத் தகட்டில் உறைந்த ஐஸை நேராக இழுத்துப் பிரிக்க, ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பல கிலோ எடையின் பலம் வேண்டியிருக்கிறது. உள்ளங்கை அகல ஐஸை ஒரே இழுப்பில் பிடுங்க ஒரு பயில்வானால்கூட முடியாது.

ஒட்டும் ஐஸ், ஒட்டாத ஐஸ்

ஐஸ் கம்பெனியிலிருந்து சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த ஐஸ் கட்டியைத் தொட்டால் கை ஒட்டாது. வழுக்கும். பிரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்த கட்டியைத் தொட்டுப் பாருங்கள், விரல் 'சட்'டென்று ஒட்டும். இரண்டும் ஐஸ்தானே?

ஐஸ்தான். ஆனால் இரண்டின் குளிரும் ஒன்றல்ல. சாக்கில் வந்த கட்டி வெளியே உருகிக்கொண்டிருக்கிறது; அதன் மேல்தோல் பூஜ்ய டிகிரியில் இருக்கிறது. அதன்மேல் தண்ணீர்ப் படலம் ஓடுகிறது. பிரீசர் கட்டியோ பூஜ்யத்துக்குக் கீழே 15, 18 டிகிரியில் இருக்கலாம். விரலில் உள்ள வியர்வையை அது ஒரு நொடியில் உறைய வைத்துவிடுகிறது. ஒட்டியது உங்கள் விரல் அல்ல; விரலின் ஈரம்!

குழந்தைகள் பிரீசரிலிருந்து எடுத்த குச்சி ஐஸை நேரே நாக்கில் வைப்பார்கள். நாக்கோ உதடோ ஒட்டிக்கொண்டால் பயந்துபோய் இழுக்கக் கூடாது. தோல் உரிந்து ரத்தம் வரும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரை மெல்ல ஊற்றினால் தானே விட்டுவிடும். இதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

டம்ளரில் போட்ட இரண்டு ஐஸ் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதையும் பார்த்திருப்பீர்கள். 1850-ம் ஆண்டில் இதைப் பற்றி யோசித்தவர் சாதாரண ஆள் அல்ல. மின்சார ஆராய்ச்சியில் புகழ்பெற்ற மைக்கேல் ஃபாரடே! ஐஸின் மேல்தோலில் எப்போதும் ஒரு மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது. இரண்டு ஐஸ் துண்டுகள் சேர்ந்ததும் நடுவில் அகப்பட்ட படலம் உறைந்துவிடுகிறது என்று அவர் சொன்னார். அப்போது அதை ஏற்றுக்கொள்ளாதவர்கள் உண்டு. பின்னால் வந்த நுட்பமான கருவிகள் ஐஸின் மேல் அப்படி ஒரு படலம் இருப்பதைக் காட்டிவிட்டன.

கப்பலில் வந்த ஐஸ்

சென்னையில் "ஐஸ் ஹவுஸ்" என்றால் தெரியாதவர்கள் இல்லை. திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இருக்கும் அந்த வட்டமான கட்டிடம் 1842-ல் எழுந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வியாபாரி பிரெடெரிக் டியூடர், அங்கே ஏரிகளில் உறைந்த ஐஸை வெட்டிக் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினார். 1833-ல் முதல் கப்பல் கல்கத்தாவுக்கு வந்தது. சுமார் 180 டன் ஏற்றியதில் 100 டன் அளவுக்கு வந்து சேர்ந்தது. நான்கு மாதப் பயணம், அதுவும் வெப்பக் கடல் வழியாக!

டியூடருக்கு இரண்டு கவலைகள். ஒன்று, ஐஸ் உருகிவிடும். மற்றொன்று, அடுக்கி வைத்த கட்டிகள் எல்லாம் ஒன்றாக ஒட்டி ஒரே பாறை ஆகிவிடும். இரண்டுக்கும் ஒரே மருந்து மரத்தூள். கட்டிகளைச் சுற்றி மரத்தூளைத் திணித்தார்கள். சூடும் உள்ளே போகவில்லை. கட்டியோடு கட்டியும் ஒட்டவில்லை. இன்றைக்கும் சந்தையில் ஐஸ் வைத்திருப்பவர் உமியையோ மரத்தூளையோ தூவிச் சாக்கில் சுற்றுகிறார் அல்லவா? அதே வித்தைதான்.

யந்திரத்தால் ஐஸ் செய்யக் கற்றுக்கொண்டதும் கப்பல் ஐஸ் வியாபாரம் படுத்துவிட்டது. கட்டிடம் கைமாறியது. 1897-ல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம்.

ஐஸ் கம்பெனி ரகசியம்

கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற மீன்பிடி ஊர்களில் உள்ள ஐஸ் கம்பெனிக்குள் போனால் இந்த விஷயம் முழுவதும் கண்முன்னே நடக்கும். நீளமான இரும்புக் கேன்கள். அவற்றில் நல்ல தண்ணீர் நிரப்பி, உப்புத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குகிறார்கள். அமோனியா யந்திரம் அந்த உப்புத் தண்ணீரைப் பூஜ்யத்துக்கு வெகுகீழே குளிர வைக்கிறது. உப்பு கலந்த தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் உறையாது. தேவையான அளவு உப்புப் போட்டால் பூஜ்யத்துக்குக் கீழே 21 டிகிரி வரை தண்ணீராகவே நிற்கும். ஆகவே தொட்டி உறையாமல், கேனுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர் மட்டும் உறைகிறது.

அடுத்த நாள் கேனைத் தூக்கினால் உள்ளே ஐஸ் பாறை. கவிழ்த்தால் விழாது. அடித்தாலும் விழாது. தொழிலாளி என்ன செய்கிறார் தெரியுமா? அடிப்பதே இல்லை. பக்கத்திலுள்ள சாதாரணத் தண்ணீர்த் தொட்டியில் கேனைச் சற்று நேரம் முக்குகிறார். பிறகு சாய்க்கிறார். முழுக் கட்டியும் 'சர்'ரென்று வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது!

கட்டி முழுவதையும் உருக்க வேண்டாம். ஒரு கிராம் ஐஸை உருக்க 80 கலோரி உஷ்ணம் வேண்டும்; கட்டி முழுவதும் உருக வேண்டுமென்றால் பொழுது போய்விடும். ஆனால் கேனைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய தோல் மட்டும் உருகினால் போதும். பள்ளங்களில் இறங்கிய ஆப்பும் உருகுகிறது. மூலக்கூறுகளின் கைப்பிடியும் விட்டுப்போகிறது.

கேனைக் கவனித்துப் பாருங்கள். வாய் அகலமாக, அடி சற்றுக் குறுகலாக இருக்கும். கட்டி ஒரு நூல் நகர்ந்தால் போதும், சுற்றிலும் இடைவெளி விழுந்துவிடும். இட்லிக் குழியும், குல்ஃபி அச்சும், குச்சி ஐஸ் அச்சும் இதே அமைப்புத்தான். இதை முதலில் கண்டுபிடித்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்!

ஆகாயத்தில் ஆபத்து

நமக்கு ஒட்டிக்கொண்ட ஐஸால் ஒரு பிரிட்ஜ் போகும். குளிர் நாடுகளில் உயிரே போகும்.

1982 ஜனவரி 13-ந் தேதி. அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஏர் ஃபுளோரிடா கம்பெனியின் போயிங் விமானம் ஒன்று இறக்கையில் பனியும் ஐஸும் ஒட்டியிருந்த நிலையிலேயே கிளம்பியது. என்ஜினின் பலத்தை அளக்கும் குழாயின் வாயையும் ஐஸ் அடைத்திருந்தது. அதனால் கருவி பொய்க் கணக்குக் காட்டியது. விமானம் எழும்ப முடியாமல் ஒரு பாலத்தில் மோதி ஆற்றில் விழுந்தது. பாலத்தில் போனவர்கள் நால்வர் உள்பட 78 பேர் மாண்டார்கள்.

இறக்கையில் ஐஸ் ஒட்டினால் அதன் பாரம் மட்டும் தொல்லை அல்ல. இறக்கையின் வளைவுதான் விமானத்தைத் தூக்கி நிறுத்துகிறது. உப்புத்தாள் போலச் சொரசொரவென்று ஐஸ் படிந்தாலே அந்தத் தூக்கும் சக்தி குறைந்துவிடும். அதனால்தான் குளிர் நாட்டு விமான நிலையங்களில் புறப்படுமுன் கிளைக்கால் என்ற திரவத்தைச் சுடவைத்து இறக்கை மேல் பீய்ச்சுகிறார்கள். சூடு ஐஸைக் கழற்றுகிறது. திரவம் மறுபடி உறையாமல் காக்கிறது. சில விமானங்களில் இறக்கையின் முன்விளிம்பில் ரப்பர் உறை உண்டு. காற்றடித்து அதை உப்ப வைத்தால் மேலே படிந்த ஐஸ் அப்பளம்போல் நொறுங்கிப் பறந்துவிடும்.

கனடாவில் 1998 ஜனவரியில் உறைமழை பெய்தது. அதாவது, விழும் துளி தொட்ட இடத்திலேயே ஐஸ் ஆகிவிடும் மழை. மின்கம்பிகள் மேல் ஐஸ் கனத்துக் கனத்து, சுமார் ஆயிரம் இரும்புக் கோபுரங்கள் மடிந்து விழுந்தன. லட்சக்கணக்கான வீடுகள் இருளில் மூழ்கின. யாழ்ப்பாணத்திலிருந்து போய் மான்ட்ரியலிலும் டொரன்டோவிலும் குடியேறிய நம் தமிழர்களுக்கு இந்த அனுபவமெல்லாம் பழகிப்போய்விட்டது. மார்கழியில் நாம் வாசலில் கோலம் போடும் நேரத்தில், அவர்கள் கையில் சுரண்டியுடன் கார்க் கண்ணாடி மேலுள்ள ஐஸைச் சுரண்டிக்கொண்டிருப்பார்கள்! அவசரத்துக்குக் கொதிநீரை ஊற்றலாமா? கூடாது. கண்ணாடி விரிந்துவிடும்.

தாமரை தோற்றது!

ஒட்டிய பிறகு கழற்றுவதைவிட ஒட்டாமலே செய்ய முடியாதா? விஞ்ஞானிகள் நெடுநாளாக இதில் முயன்று வருகிறார்கள்.

தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாது என்று நமக்குத் தெரியும். இலைமேல் மெழுகு பூசிய நுண்ணிய முடிச்சுகள் இருக்கின்றன. தண்ணீர் முத்து அவற்றின் உச்சியில் மட்டும் நின்று உருள்கிறது. "தண்ணீரே ஒட்டாவிட்டால் ஐஸ் எப்படி ஒட்டும்?" என்று நினைத்தார்கள். தாமரை இலை போன்ற பூச்சுகளைச் செய்து பார்த்தார்கள்.

சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருப்பவர் கிருபா வாரணாசி. 2010-ல் அவரும் தோழர்களும் வெளியிட்ட ஆராய்ச்சி இந்த ஆசையில் மண்ணைப் போட்டது. மேலிருந்து விழும் துளி உருண்டு ஓடுவது உண்மைதான். ஆனால் காற்றிலுள்ள ஈரம் துளியாக விழுவதில்லை. முடிச்சுகளின் இடுக்கிலேயே நேராக வெண்பனியாகப் படிகிறது. இடுக்குகள் அதிகம் என்றால் ஐஸுக்குப் பிடிமானமும் அதிகம்! தாமரைப் பூச்சில் பனி படிந்தபின் ஐஸ் முன்னைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

அடுத்தபடி வேறொரு செடியிடம் பாடம் கேட்டார்கள். அது பூச்சி பிடிக்கும் குடுவைச் செடி. நம் நாட்டில் மேகாலயாக் காடுகளில் வளர்கிறது. அதன் குடுவையின் விளிம்பு ஈரமாக இருக்கும்போது வழுக்கும். உட்கார்ந்த எறும்பு உள்ளே சறுக்கி விழும். அதைப் பார்த்து 2011-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜோவன்னா ஐசன்பர்க் குழுவினர், நுண்துளைகளில் எண்ணெய் போன்ற திரவத்தை ஊறவைத்த பூச்சு ஒன்றைச் செய்தார்கள். ஐஸுக்கு அடியில் திடப்பொருளே இல்லை, திரவம்தான். பிடிக்க இடம் ஏது? தோசைக் கல்லில் பாதி வெங்காயத்தால் எண்ணெய் தேய்க்கும் நம் பாட்டிமார்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். குறை என்னவென்றால், எண்ணெய் நாளடைவில் போய்விடும். கல்லுக்கு மறுபடி தேய்க்கலாம். பறக்கும் விமானத்துக்கு யார் போய்த் தேய்ப்பது?

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அனிஷ் துதேஜா குழுவினர் 2016-ல் ரப்பர்ப் பூச்சுகளைக் காட்டினார்கள். இது வேறு வழி. ஐஸ் விறைப்பானது, வளையத் தெரியாது. அடியில் உள்ள பொருள் வளைந்து கொடுத்தால், ஓரத்தில் சிறு பிளவு விழுந்து அது உள்ளே ஓடிவிடும். நீங்கள் வீட்டில் தினமும் செய்வதுதான். இட்லித் துணியை எப்படி எடுக்கிறீர்கள்? இட்லியை நேரே தூக்குவதில்லை. துணியின் ஓரத்தைப் பிடித்து உரிக்கிறீர்கள். பிளாஸ்டிக் ஐஸ் தட்டைத் துணி பிழிவதுபோல் ஒரு முறுக்கு முறுக்கினால் 'படபட'வென்று கட்டிகள் கழல்வதும் இதனால்தான்.

வெயிலையே வேலைக்கு அமர்த்தியவர்களும் உண்டு. வாரணாசியும், இன்று பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியையாக உள்ள சுஷ்மிதா தாஷும் சேர்ந்து 2018-ல் மூன்றடுக்குத் தகடு ஒன்றைச் செய்தார்கள். மேலே வெயிலை விழுங்கும் கரிய படலம்; நடுவில் சூட்டைப் பரப்பும் உலோகம்; அடியில் சூடு போகாமல் தடுக்கும் மெத்தை. பூஜ்யத்துக்கும் கீழான குளிரிலும், வெயில் பட்டதும் அடித்தோல் உருகி ஐஸ் தானே சறுக்குகிறது. ஐஸ் கம்பெனித் தொழிலாளியின் தண்ணீர்த் தொட்டி வேலையை இங்கே சூரியன் செய்கிறது!

இனி நம் வீட்டுப் பிரிட்ஜ்

கல்வராயன் மலையில் பனிமூட்டம் உண்டு. ஊட்டியில் புல்மேல் வெள்ளையாக உறைபனி படிவதுபோல் இங்கே ஐஸைப் பார்ப்பதற்கில்லை. கோமுகி அணைக்குக் கீழே உள்ள ஊர்களில் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நமக்கு ஐஸ் என்றால் பிரிட்ஜ்தான்.

ஒற்றைக் கதவு பிரிட்ஜில் பிரீசர் அறையின் சுவருக்குள்ளேயே வாயு ஓடும் மெல்லிய பாதைகள் இருக்கின்றன. நீங்கள் கத்தியால் குத்துவது ஐஸை அல்ல, பிரிட்ஜின் ரத்தக் குழாயை! இப்போது வரும் பல பிரிட்ஜ்களில் இருப்பது தீப்பற்றும் வாயு என்பதையும் நினைவில் வையுங்கள். கதவை அடிக்கடி திறந்தால் ஈரக் காற்று உள்ளே போய்ப் பனி படியும். அது அரை சென்டிமீட்டர் கனம் ஆனதுமே பனி நீக்கும் பொத்தானை அழுத்திவிடலாம். அவசரமா? மின்சாரத்தை நிறுத்திக் கதவைத் திறந்து, ஒரு கிண்ணத்தில் வெந்நீரை உள்ளே வையுங்கள். ஆவி பட்டு அடித்தோல் இளகியதும் பாளம் பாளமாக விழும். உப்பு தூவுகிறேன் என்று கிளம்பாதீர்கள். ஐஸ் உருகும், அலுமினியமும் அரிக்கும்.

பாத்திரத்தின் அடியை நன்றாகத் துடைத்துவிட்டு உள்ளே வைத்தால் பாதித் தொல்லை இல்லை. ஈரம்தானே பசை? அடியில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்தால் ஓரத்தைப் பிடித்து உரித்துவிடலாம்.

கடைக்கார அம்மாளிடம் இதையெல்லாம் சொன்னேன். "வெந்நீரா? இது தெரியாமப் போச்சே" என்றார். பக்கத்தில் மோர் குடித்துக்கொண்டிருந்த ஒரு நர்ஸ் அம்மாள் சிரித்தார்.

"எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்துட்டாங்க சார். தடுப்பூசி பிரீசர்ல கத்தியே படக் கூடாது" என்றார்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். மலைமேல் வெள்ளிமலைப் பக்கத்துக் கிராமங்களுக்குப் பெட்டியில் மருந்தைக் கொண்டுபோக வேண்டும். பெட்டிக்குள் நான்கு ஐஸ் பைகள். பிரீசரிலிருந்து எடுத்த கையோடு அவற்றை வைத்தால், ஒட்டியிருக்கும் மருந்துக் குப்பியும் உறைந்துவிடும். மஞ்சள் காமாலைத் தடுப்பூசி போன்றவை ஒருமுறை உறைந்தால் கெட்டுப்போகும். பார்ப்பதற்கு மருந்து போலவே இருக்கும்; குழந்தைக்குப் போட்டால் பலன் இராது.

"அப்படியானால் எப்போது வைப்பீர்கள்?"

"வெளியே எடுத்து வெச்சிடுவோம். பை மேல முத்து முத்தா வேர்க்கும். காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாப்போம். உள்ளே தண்ணி 'களக்'குன்னு சத்தம் கேட்டாத்தான் பெட்டிக்குள்ள போகும்."

வெளித்தோல் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது என்பதற்கு அந்தச் சத்தமே சாட்சி. மோர் டம்ளரை வைத்துவிட்டு அவர் எழுந்தார். மலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது.